செக்குரோலைப் படிக்கும் பிள்ளை

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே பிள்ளைகள் படும் பாட்டை நாம் அறிவோம். மாதிரி வினாத்தாளின்மேல் மாதிரி வினாத்தாள். படவரைபைப் பார்த்து விடை கூறுதலும் சொல்லுக்குப் பொருள் கூறுதலும் அவற்றிலே பழகிப்போன பயிற்சிகள். ஒரு மாம்பழப் படம் பத்துப் பழங்களைக் குறிக்குமாயின் செவ்வாய்க்கிழமை விற்ற பழங்கள் எத்தனை? வெற்பு என்பதற்கு ஒத்த கருத்துச் சொல் யாது? பிள்ளை விடையைப் பாடமாக்குகிறது, புள்ளியும் பெறுகிறது. அன்று மாலை தாய் சம்பளச் சீட்டை நீட்டி, "இதில் எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், பார்த்துச் சொல்" என்றால் அதே பிள்ளை திகைத்து நிற்கிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. வரைபு வாசித்தலைப் பரீட்சைக்குரிய வித்தையாகவும், சொற்பொருளை மனனத்துக்குரிய பட்டியலாகவும் ஆக்கிவிட்ட முறையிலேதான் குறை.

தோட்டத் தொழிலாளியைப்போல் அட்டவணைக்குக் கட்டுப்பட்டு வாழ்பவர் நாட்டிலே வேறெவர்? ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்திலே 'பேர்' என்று பெயர். விதித்த கிலோக் கொழுந்தை எடுத்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர் என்பது வழக்கம். இவையெல்லாம் செக்குரோல் என்னும் பதிவேட்டில் நாள்தோறும் ஏறி, மாதமுடிவில் ஒரு சீட்டாக இறங்குகின்றன. ஊழியர் சேமலாப நிதி, முற்பணம், சங்கச் சந்தா என்று கழிவுகள் ஒருபுறம், உழைப்பு மறுபுறம். 2021 மார்ச்சில் அடிப்படைச் சம்பளம் 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்டப்படி 100 ரூபாவுமாக நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி கூறியது. அதன்பின், எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள், அரைப்பேர் போடுகிறார்கள் என்று பல தோட்டங்களிலிருந்தும் முறைப்பாடுகள் எழுந்தன. வர்த்தமானியிலுள்ள தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு என்பதை அச்சீட்டைப் படித்தாலன்றி அறிய வழியில்லை.

படிக்க முடியாத காகிதம் எவ்வளவு கொடியது என்பதற்கு இம்மலைநாட்டிலேயே சான்றுண்டு. 'துண்டு' என்ற சொல்லின் பொருளை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. இன்ன கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று துரைமார் எழுதிக் கொடுத்த காகிதமே துண்டு. அந்தக் கடனைச் சுமந்தவரிற் பெரும்பாலோர்க்கு அதிலுள்ள எழுத்துத் தெரியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப்பற்றி 1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் பேசின. ஆயினும் பள்ளியை நடத்துவது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வாசலுக்கு வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். கணக்கு எழுதுபவர் கையிலேயே கணக்குக் கற்பிக்கும் பொறுப்பும் இருந்தால் அக்கணக்கைச் சரிபார்க்கும் பிள்ளை எப்படி உருவாகும்?

இன்று ஆசிரியர் அரசாங்க ஆசிரியர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலே பயின்று வந்தவர்கள் பலர். தோட்டத்திலே பிறந்தவர்களும் அவர்களுள் உளர். மாம்பழத்தை விட்டுக் கொழுந்தை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன தடை?

ஓர் இலைப்படம் நான்கு கிலோவைக் குறிக்கட்டும். விதித்த அளவு பதினெட்டுக் கிலோவெனின் நான்கரை இலை. திங்கள் முதல் சனிவரை சலாகை வரைந்து, பதினெட்டிலே குறுக்குக்கோடு ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைச் சலாகை பதினாறில் நின்றுவிட்டது, அன்று அரைப்பேர். தராசு காட்டியதோ பதினெட்டு. சாக்குக்கும் ஈரத்துக்குமென்று இரண்டு கிலோ கழித்தார்கள். கழியாதிருந்தால் சலாகை கோட்டைத் தொட்டிருக்குமா? அந்தச் சாக்கின் உண்மையான நிறை என்ன? பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகளே இவை. ஆனால் ஒரு பிள்ளையின் தாயுடைய உண்மையான சீட்டை வகுப்பில் விரிக்கலாகாது. வீட்டு வறுமையைப் பலர் பார்க்கக் கரும்பலகையில் எழுதுவது பாடமாகாது. ஆசிரியரே ஒரு மாதிரிச் சீட்டை எழுதிக்கொள்ள வேண்டும்.

சொற்பொருளும் இவ்வாறே. 'கழிவு' என்றால் சுற்றாடல் பாடத்திலே குப்பை. சம்பளச் சீட்டிலே பிடித்தம். கடைக்கணக்கிலே விலைத் தள்ளுபடி. இம்மூன்றையும் வாக்கியத்தில் அமைக்கத் தெரிந்த பிள்ளைக்கே அச்சொல் சொந்தம். 'மலை' என்றால் பொருப்பு என்று எழுதட்டும். தன் தாய் கொழுந்தெடுக்கும் தேயிலை நிலம் என்றும் எழுதட்டும். 'கவ்வாத்து' என்று எழுதினால் கொச்சையென்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம்: தமிழ்நாட்டு உழவர் முருங்கைக்கும் கொய்யாவுக்கும் செய்வது கவாத்துத்தான். ஆங்கிலப் 'பரேட்' பிரட்டானதும் ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறன்றோ? அதை அறிந்த பின் அணிவகுப்பு என்ற சொல்லையும் பிள்ளை மறவாது.

தோட்டத்தையே பாடமாக்கினால் பிள்ளையைக் கூடைக்கே தயார்செய்வதாகாதா என்று சில பெற்றோர் கேட்பர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. தம் பிள்ளையாவது லயத்தைவிட்டு வெளியேற வேண்டுமென்றே அவர்கள் பட்டினி கிடந்து படிப்பிக்கிறார்கள். எனினும் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகப் போகும் பிள்ளைக்கும் ஒரு சம்பளச் சீட்டு வரும். வங்கிக்குப் போனால் வட்டி அட்டவணை வரும். தோட்டத்தில் இருப்பவரை மட்டுமா கணக்கிலே ஏய்க்கிறார்கள்?

ஹற்றன், நுவரெலியா வலயக் கல்விப் பணிமனைகள் தவணைப் பரீட்சை வினாத்தாளிலே இத்தகைய வரைபு ஒன்றையேனும் சேர்க்கலாம். அதற்கு மந்திரிசபையின் அனுமதி தேவையில்லை. கம்பனிகளுக்கும் ஒரு வார்த்தை: 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு சீட்டு வழங்கும் தோட்டங்கள் அவற்றைத் தெளிந்த தமிழிலே அச்சிடட்டும். இதைக் கேட்டுப் பெறவேண்டியவை தொழிற்சங்கங்கள். மாதந்தோறும் அதே சீட்டிலிருந்துதான் அவற்றின் சந்தாவும் பிடிக்கப்படுகிறது; அந்த வரியையும் பிள்ளைகள் படித்துவிடுவார்களே என்று தலைவர்கள் தயங்கமாட்டார்கள் என நம்புகிறோம்.