பளிங்கும் சீட்டும்

கிளியில்லை, கூண்டில்லை, மரத்தடியுமில்லை. குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, மேசைமீது பளிங்குக் கற்கள், பக்கத்திலே 78 படச் சீட்டுகள்! டாரட்டாம். கோவை போன்ற நகரங்களிலே கிளி சோதிடம் இப்படிக் கோலம் மாறி அமர்ந்திருக்கிறது. கிளிக்குக் கூலி ஒரு நெல்மணி. இங்கே கூலி நோட்டுகளாக வேண்டும். மாற்றம் அவ்வளவே!

வெண்பளிங்கு மனத்தைத் தெளியவைக்குமாம். ரோசாநிறப் பளிங்கு காதலைக் கூட்டுமாம். இன்ன சீட்டுக்கு இன்ன கல்லாம். பொருத்தியவர் யார் என்று கேட்கிறோம். எகிப்து நாட்டுப் பூசாரிகள் என்பார்கள். அது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியிலே பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம்! 1781இல் குர் தெ ழெபெலன் என்ற பிரெஞ்சுக்காரர் அதனை எகிப்தியரின் மறைநூல் என்று எழுதிவைத்தார். அன்று எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலே ஒருவருமில்லை. ஷாம்போலியன் அப்புதிரை அவிழ்த்தது 1822இல். படிக்கத் தெரியாத நூலுக்கு 41 ஆண்டு முன்னதாகவே உரை! இன்று பெரிதும் புழங்கும் படங்களோ 1909இல் லண்டனிலே வெளிவந்தவை. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர். கல்லைச் சீட்டோடு முடிந்ததும் பிற்காலத்தார் கைவேலைதான்.

பளிங்கைப் பற்றிக் கொங்குநாட்டாருக்கா பாடம்? நொய்யல் கரையிலே கொடுமணல் இருக்கிறது; பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் அதுவே என்பர் ஆய்வாளர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். படிகக்கல், பெரில், சூதுபவளம். முடித்த மணி, முடிக்காத மணி, செதுக்கி எறிந்த சில்லு... பட்டறைக் குப்பை, தோழர்களே! பானை ஓடுகளிலே தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள். பெரில் கல்லுக்குக் காங்கயத்தை அடுத்த படியூர். ரோமாபுரி வாணிபத்துக்குச் சான்றாக வெள்ளலூரில் கிடைத்த காசுகள். இந்தியர் பளிங்குக்கு நிறமேற்றிப் பெரில் போலக் காட்டுவதாக முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதியிருக்கிறார். (போலிக்கும் பழைமை உண்டு; மறைப்பானேன்?) இறந்தாரோடு மணிகளைப் புதைத்தார்கள், உண்மை. ஆனால் அந்த மணியைத் துளைத்தது மந்திரமன்று, கைத்திறன்.

பளிங்குக்கு ஆற்றலே இல்லையா என்பர். உண்டு! அழுத்தினால் மின்னேற்றம் தரும் என்று கியூரி உடன்பிறந்தார் 1880இல் கண்டனர். கைக்கடிகாரத்திலே அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்கலம் தீர்ந்தால் அதிர்வும் நிற்கிறது. கழுத்திலே தொங்கும் கல்லுக்கு மின்கலம் எங்கே, ஐயா?

பின், சீட்டுக்காரர் சொல்வது சில வேளை பொருந்துகிறதே, எப்படி? விடை வள்ளுவரிடம் இருக்கிறது. அடுத்த பொருளைக் காட்டும் பளிங்கைப் போல, நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்றார் அவர். குறிப்பறிதல் அதிகாரம் அது. குறிசொல்லும் அதிகாரம் அன்று! சீட்டுக்காரர் படிப்பது மேசைமீதுள்ள பளிங்கையன்று, எதிரே வாடியிருக்கும் முகத்தை. வேலை போன பின்னலாடைத் தொழிலாளி, திருமணம் தள்ளிப்போவதாக ஊரார் வாயில் அரைபடும் பெண், மார்வலியை மருத்துவரிடம் சொல்ல அஞ்சும் முதியவர் — இவர்கள் முகத்திலே எழுதியிருப்பதை இவர்களுக்கே படித்துக்காட்டிக் காசும் வாங்குகிறார்கள். காசு போனால் சம்பாதிக்கலாம். கல்லை நம்பிக் கழித்த மாதங்களில் முற்றிவிட்ட நோயை எந்தச் சீட்டு திருப்பும்?

2001இல் லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரி உளவியலார் 80 பேரிடம் நடத்திய சோதனை பற்றி அறிவித்தனர். மெய்ப்பளிங்கைப் பிடித்தவரும் போலியைப் பிடித்தவரும் ஒரே மாதிரியான சிலிர்ப்பையே சொன்னார்கள். வாலிபர்களே, இதற்கு லண்டன் போகவேண்டியதில்லை. காங்கயத்துக் கல்வெட்டும் தொழிலாளி ஒருவரிடம் ஒரு பளிங்கும், அதே அளவில், அதே வெட்டில் ஒரு கண்ணாடியும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் தனித்தனித் துணியிலே முடிந்து, அந்தக் கண்ணாடி மேசைமீது வையுங்கள். அதிர்வை உணர்ந்து, எது கல் என்று பிரிக்காமலே சொல்லட்டும்! ஒரு முறை போதாது, இருபது முறை.