சேற்றுக்கா, சோக்குக்கா?

என் மூத்த சகோதரியின் மகன் கிளிநொச்சியில் இருக்கிறான். அக்கராயன் பக்கத்தில் வயல் செய்கிறான். கூடவே கொழும்பிலிருந்து பொருள் எடுத்து விற்கும் சிறு வியாபாரமும் உண்டு. 2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, வாகனத்துக்குப் புது ரயர் போட்டிருக்கிறன். ஒருக்கா வந்து பாருங்கோ, ஆளே மாறிப்போச்சு” என்றான்.

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே ஆள் மாறித்தான் இருந்தது. நெல் மூட்டையும் உர மூட்டையும் சுமந்து களைத்திருந்த அந்தப் பழைய ஹைலக்ஸ் டபிள் கெப், கட்டை கட்டையாக இறப்பர் துருத்தி நிற்கும் நான்கு ரயர்களின் மேல் ஏறி நின்று அயலவரை அதட்டிக்கொண்டிருந்தது. பக்கச் சுவரில் வெள்ளை எழுத்துக்கள் வேறு. ஒழுங்கையால் போன இளைஞர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் “சோக்காய்த்தான் இருக்கு” என்றேன். அப்படிச் சொன்னதற்காகப் பின்னர் வெட்கப்பட்டேன்.

(தமிழகத்து வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நீங்கள் ‘டயர்’ என்று எழுதுவதையே நாங்கள் ‘ரயர்’ என்கிறோம். சக்கரம் எங்களுக்குச் சில்லு. இந்த வயதில் இனி மாற்றிக்கொள்ள இயலாது.)

மூன்று வாரங்களின் பின், மார்கழி மழையில், அவனுடன் கொழும்புக்குப் புறப்பட்டேன். பின்னிருக்கையில் அவனுடைய இரண்டு பிள்ளைகள். அநுராதபுரம் கடந்து பாதெனிய வீதியில் சென்றுகொண்டிருந்தபோது இரவு ஏழரை மணியிருக்கும். புதிய தார் வீதி, மேலே மெல்லிய நீர்ப்படலம். வேகமும் அதிகமில்லை, அறுபதுக்குச் சற்று மேல். பக்கத்து ஒழுங்கையிலிருந்து பின்விளக்கு எரியாத முச்சக்கரவண்டியொன்று வீதிக்கு ஏறியது. மருமகன் பிறேக்கை மிதித்தான். வாகனம் நிற்கவில்லை. சில்லுகள் இறுகின, வாகனம் சறுக்கிக்கொண்டே போனது. கடைசி நேரத்தில் அவன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டியதால் முச்சக்கரவண்டியை ஒரு சாண் இடைவெளியில் தவறவிட்டு, வாய்க்கால் ஓரத்து மண்ணில் ஏறி நின்றோம். அந்த வண்டிக்குள் ஒரு கணவனும் மனைவியும், அவள் மடியில் ஒரு குழந்தையும் இருந்தனர். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்களுக்கு என்ன நடக்க இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நீண்ட நேரம் எவரும் பேசவில்லை. “அப்பா, ஏன் பிறேக் பிடிக்கேல்லை?” என்று மூத்தவள்தான் கேட்டாள்.

பிறேக்கில் பிழையில்லை. பிறேக் பிடிப்பது சில்லை. வாகனத்தை நிறுத்துவது ரயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிமானம். இரண்டு தொன் வாகனம் எந்த நேரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு உள்ளங்கையளவு இறப்பரால் மட்டுமே. அந்த நான்கு உள்ளங்கைகளிலும் பெரும்பகுதியைப் பள்ளமாக வெட்டியெடுத்துவிட்டு எஞ்சியதுதான் சேற்று ரயர். கடைக்காரர்கள் ‘எம்.ரி.’ என்று சொல்வது இதைத்தான். பள்ளங்கள் அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சேறு அங்கே புகுந்து, சில்லு சுழலும்போது வெளியே வீசப்பட வேண்டும். வீசப்படாவிட்டால் பள்ளம் நிரம்பி, ரயர் வழுவழுப்பான உருண்டையாகிவிடும். சேற்றில் இது வரம். ஈரத் தார் வீதியிலோ தொடுகின்ற இறப்பர் குறைவு; உயரமான கட்டைகள் பிறேக்கின் இழுப்பில் வளைந்து நெளியும்; இறப்பர்க் கலவையும் கல்லுக்கும் முள்ளுக்கும் ஈடுகொடுக்கச் செய்யப்பட்டதேயன்றி ஈரத் தாரைப் பற்றிப்பிடிக்கச் செய்யப்பட்டதன்று. இரைச்சலும் கூடுதலான டீசல் செலவும் தனி. 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற மக்களுக்கு டீசல் செலவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கொழும்பை அடைந்த மறுநாள் காலையில், கைவிளக்குடன் குனிந்து ரயரின் பக்கச் சுவரைப் படித்தேன். டி.ஓ.ரி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரியின் முடிவில், சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அங்கே 1416 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் பிறந்த ரயர். எட்டரை வயதானதைப் புதியதென்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கடைக்குத் தொலைபேசி எடுத்தபோது கிடைத்த பதில்: “ஐயா, ஓடாத ரயர் பழசாகாது.”

பழசாகும். இறப்பர் ஓடித் தேய்வது ஒரு கதை. காற்றிலுள்ள ஒட்சிசனாலும் வெப்பத்தாலும் ஒளியாலும் உள்ளுக்குள் இறுகி வெடிப்பது வேறு கதை. கட்டை உயரமாகவே இருக்கும், கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். பிடிமானம் மட்டும் போயிருக்கும். ஐந்து ஆண்டுகளின் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், எவ்வளவு நல்ல நிலையில் தெரிந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பாவிக்கலாகாது என்பது மிஷெலின் போன்ற உற்பத்தியாளர்களின் அறிவுரை. வாகன உற்பத்தியாளர்கள் சிலர் ஆறாண்டு என்றே வரையறுக்கிறார்கள். தகரக் கூரையின் கீழ் வன்னி வெயிலில் அடுக்கிவைத்த ரயருக்கு அந்த ஆறும் தாராளம்.

நாணயத்தின் பெறுமதி 2022இல் சரிந்த பிறகு இந்தப் பெரிய ரயர்கள் நான்கின் விலை ஓர் அரச ஊழியரின் பல மாதச் சம்பளமாகிவிட்டது. விலை ஏறும்போது பழையதைப் புதியதாக விற்கும் ஆசையும் ஏறும். உணவுப் பொதியில் திகதியைப் புரட்டிப் பார்க்கப் பழகிவிட்டோம். அதேபோல் ரயரைப் பூட்டுவதற்கு முன்னர் அந்த நான்கு இலக்கங்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சேற்று ரயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணை மாரியில் மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். காய்ந்தால் வெடித்துப் பாளமாகும். நனைந்தால் செருப்போடு சேர்த்துக் காலையும் பிடித்திழுக்கும். அந்த மண்ணில் நாள்தோறும் வேலை இருப்பவர் சேற்று ரயர் போடட்டும், தார் வீதியில் மெதுவாக ஓடட்டும். அங்கே நிற்கும் உழவு இயந்திரத்தின் பின்சில்லைப் பாருங்கள். அம்புத்தலை போல் சாய்ந்த தடித்த வரம்புகள், இடையே அகன்ற வெளி. சேற்றைக் கையாளுவதற்கான சரியான விடை அது. ஆனால் உழவு இயந்திரத்தில் எவரும் எண்பதில் கொழும்புக்குப் போவதில்லை.

என் மருமகனின் கணக்கை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மாதத்தில் இரண்டு தடவை கொழும்பு, நாளாந்தம் கிளிநொச்சி நகரம், வயலுக்குப் போகும் கிறவல் வீதி. உண்மையான சேறு என்று பார்த்தால் மாரியில் ஐந்தாறு நாட்கள், அதுவும் கடைசி அரை மைல். அந்த அரை மைலுக்காக மற்ற எல்லா மைல்களிலும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்திருந்தான். இப்படி ஓடுபவருக்கு ‘ஏ.ரி.’ என்ற பொதுவகை ரயர் போதும்: கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை, அவற்றில் ஈரத்தை வெட்டும் மெல்லிய கீறல்களும் உண்டு. கொழும்பை விட்டு வெளியே போகாதவருக்கு வீதிக்கென்றே செய்த ‘எச்.ரி.’ தான் பொருத்தம். அவருடைய வாகனம் நான்கு சில்லாலும் இழுத்தாலும் சரி, இழுக்காவிட்டாலும் சரி.

நான்கு சில்லு இழுவை வாகனத்தை ஓட்டத்தான் உதவும், நிறுத்த உதவாது. இதை எத்தனை பேர் உணர்ந்திருக்கிறார்கள்?

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட புதிதில், செய்தி சேகரிக்க வன்னிக்கும் வடமராட்சி கிழக்குக்கும் போகும் இளம் நிருபராக இருந்தேன். எங்களை ஏற்றிச் சென்ற சாரதி அறுபதைத் தாண்டியவர், பேச்சுக் குறைந்தவர். மணற்காட்டுக்குத் திரும்பும் இடத்தில் இறங்கி, ஒரு தீக்குச்சியால் நான்கு ரயர்களிலும் காற்றை இறக்குவார். புசுபுசுவென்று காற்றுப் போகும்; எங்களுக்குப் பொறுமை போகும். “என்ன ஐயா, காற்றில்லாமல் போறதோ?” என்று நான் கேட்டேன். “தம்பி, ஒட்டகத்தின்ரை காலைப் பாத்தனீரோ?” என்றார். அவ்வளவுதான் விளக்கம். தேய்ந்த சாதாரண ரயருடன் அந்த மணலில் படகு போலப் போனோம். எங்களுக்குப் பின்னால் புதிய சேற்று ரயருடன் வந்த வாகனமொன்று அச்சு வரை புதைந்து நின்றது. மணலில் சேற்று ரயர் செய்வது கிணறு தோண்டும் வேலைதான்.

பின்னாளில் இதைப் படித்து அறிந்தேன். காற்று குறையும்போது ரயர் தட்டையாகி, முக்கியமாக நீளவாக்கில், தரையைத் தொடும் பரப்புக் கூடுகிறது, பாரம் பரவுகிறது. தார் வீதியில் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அழுத்தத்தில் ஓடும் வாகனத்தை மணலில் 18 அளவுக்கு இறக்கலாம். திரும்பித் தாரில் ஏறுமுன் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடித்துவிடும். அந்தச் சாரதியிடம் காலால் மிதிக்கும் பம்பு ஒன்று இருந்தது. மிதிப்பது எங்கள் முறை. இன்று சிகரட் லைற்றர் துளையில் செருகும் சிறிய பம்பும் அழுத்தமானியும் சேற்று ரயரொன்றின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியவை அவைதான்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனுடைய வாகனத்துக்கு உரிய அளவு 265/65 ஆர் 17. ‘கொஞ்சம் பெரிசாய்ப் போடுவம்’ என்று கடையில் 265/70 போட்டிருந்தார்கள். விட்டம் ஏறக்குறைய 26 மில்லிமீற்றர் கூடுகிறது. ஆனால் வாகனத்தின் வயிறு தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, வெறும் 13 மில்லிமீற்றர், ஒரு விரற்கடைக்கும் குறைவு. இதற்குப் பதிலாக வேகமானி நூறு காட்டும்போது உண்மையில் நூற்றிமூன்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். பிறேக்கின் வேலையும் கூடுகிறது. அகலமும் அப்படியே. இரண்டாம் உலகப்போரில் உலகமெங்கும் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 என்ற ஒடுங்கிய ரயர்தான் பூட்டியிருந்தது.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது? எங்கள் நாட்டில் பெரிய ரயர் என்பது நெடுங்காலமாக அதிகாரத்தின் அடையாளம். முதலில் பஜிரோ, பிறகு பிரமுகர்களின் பின்னால் சீறிக்கொண்டு வந்த டிபென்டர். வீதியோரத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய சனத்தின் பிள்ளைகளுக்கு, ஒருநாள் தாங்களும் மற்றவரை ஒதுங்க வைக்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பே. என் மருமகனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராததற்கும் அதுதான் காரணம்.

குளிர்நாடுகளிலுள்ள நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். ரொறன்ரோவிலிருந்து எழுதும் நண்பர் ஒருவர், தன் வாகன ரயரில் எம், எஸ் என்ற எழுத்துக்கள் இருப்பதால் பனிக்கும் அதுவே போதும் என்கிறார். போதாது. அது சேற்றையும் பனியையும் குறிக்கும் பழைய அடையாளம். பனியில் சோதித்துப் பார்த்ததற்கான சான்றன்று. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னத்தைத் தேடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஜேர்மனியில் 2024 ஒக்ரோபரிலிருந்து அந்த மலைச்சின்னம் இல்லாதது குளிர்கால ரயராகக் கணக்கில் வராது. குளிரில் சேற்று ரயரின் பெரிய கட்டைகள் இறுகி மரக்கட்டையாகிவிடும்.

1876இல் பிரேசிலின் இறப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இன்றும் பாரந்தூக்கி இயந்திரங்களுக்கான திண்ம ரயர்களை உலகுக்கு அனுப்பும் முன்னணி நாடுகளில் நாங்கள் ஒருவர். அப்படிப்பட்ட நாட்டில் ரயர் வாங்கும் ஒருவருக்கு அதன் பிறந்த ஆண்டைச் சொல்லும்படி கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவது பெரிய காரியமா? பற்றுச்சீட்டில் அந்த நான்கு இலக்கங்களையும் எழுத வேண்டும் என்று நுகர்வோர் அதிகாரசபை ஒரு கட்டளை பிறப்பித்தாலே போதும்.

மருமகன் கொழும்பிலேயே சரியான அளவில், அதே ஆண்டில் செய்த ஏ.ரி. ரயர்களை வாங்கிப் பூட்டினான். நான்கும் ஒரே வகை, மேலதிகச் சில்லுக்கும் அதுவே. பணத்துக்குச் சகோதரியின் சங்கிலி அடகுக்குப் போனது. பழைய நான்கையும் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். “வேறை ஆருக்கும் குடுத்துவிடவோ மாமா?” என்று கேட்டான். “ஆருடைய பிள்ளைக்கு?” என்றேன். அவன் அதன்பின் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அவை வீட்டுக் கோடியில் கிடந்து மழைநீர் ஏந்தின. தை மாதம் டெங்குப் பரிசோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினாராம். மறுநாளே துளைபோட்டு மண் நிரப்பிவிட்டார்கள். சென்ற முறை போனபோது இரண்டில் கத்தரி நின்றது.