கேலிக் கைத்தட்டல்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவரும், இருபது வயது நிரம்பிய அவருடைய மகனும் என்னைக் காண வந்தனர். காபி அருந்தியவாறு நலம் விசாரித்துத் தொடங்கிய பேச்சு, சிறிது நேரத்திற்குள் தந்தைக்கும் மகனுக்குமிடையே ஒரு வழக்காக மாறிற்று. வழக்கு நிலத்தைப் பற்றியதன்று; திருமணத்தைப் பற்றியதுமன்று. பனித்தரையில் ஆடப்படும் ஹாக்கியைப் பற்றியது!

"நம் குழுவின் கோல் காப்பாளரை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, தடுப்பாட்டத்திற்கு ஓர் உறுதியான ஆளை வாங்கவேண்டும், சாமி" என்றார் தந்தை.

"நான்கு ஆட்டம் தோற்றால் ஆளை மாற்றிவிடுவதா, அப்பா? முன்னே நிற்பவர்கள் எதிரிக்கு வழிவிட்டால் பின்னே நிற்பவர் என்ன செய்வார்?" என்றான் மகன்.

"அடித்தால் திருப்பி அடிக்க ஒரு முரடன் இல்லை. அதனால்தான் தோற்கிறோம்" என்றார் தந்தை மறுபடியும். மகன் அதற்கும் மறுப்புரைத்தான். முடிவில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், சாமி" என்றனர்.

பனிக்கட்டியைச் சர்பத்துக் குவளைக்குள் மட்டுமே கண்டறிந்த நான் என்ன தீர்ப்புச் சொல்வேன்? ஆயினும் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டேன். பின்னர் நானும் சிலவற்றைத் தேடிப் படித்தேன். நம் வீடுகளுக்குத் தேவையான ஒரு பாடம் அந்தப் பனித்தரையிலே கிடக்கக் கண்டு, அதனையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்விளையாட்டில் ஒரு பக்கத்திற்கு அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கோலை அவர் காக்கவேண்டும். அவரை நோக்கி வருவது பந்தன்று. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டு. வலிய கையால் அடிக்கப்பட்டால் அது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டிப் பாயும். மற்ற ஆட்டக்காரர் தவறினால் அதைத் திருத்தப் பின்னே ஒருவர் உண்டு. கோல் காப்பாளர் தவறினாலோ, அவர் தலைக்குப் பின்னே சிவப்பு விளக்கு எரியும். ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்ப்பர்.

முற்காலத்தில் கோல் காப்பாளர்கள் முகக்கவசம் இன்றியே நின்றனர். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், மாண்ட்ரியல் கனேடியன்ஸ் குழுவின் ஜாக் பிளான்ட் என்பவரின் முகத்தை வட்டு கிழித்தது. அவர் தையல் போட்டுக்கொண்டு, கவசம் அணிந்தால்தான் மீண்டும் களமிறங்குவேன் என்று உறுதியாய் நின்றார். கவசம் பார்வையை மறைக்கும் என்று எண்ணியிருந்த பயிற்சியாளர் வேறு வழியின்றி இசைந்தார். அன்று முதல் தொடர்ந்து கவசம் அணியும் வழக்கம் மெல்ல வேரூன்றிற்று. வட்டைத் தடுக்கக் கவசம் கிடைத்துவிட்டது. ஏளனத்தைத் தடுக்கும் கவசத்தையோ இன்னும் எவரும் செய்தாரில்லை.

இனி, ஆட்டக்காரரைக் கைமாற்றும் வழக்கத்தைச் சற்றுக் காண்போம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கிச் சங்கத்தில் 2021 முதல் 32 குழுக்கள் உள்ளன. ஒரு குழுவின் ஆடும் பட்டியலில் 23 பேர் வரை இருக்கலாம். ஓர் ஆட்டத்திற்குக் கவசம் பூணும் கோல் காப்பாளர் இருவர். எனினும் களத்தில் நிற்பவர் ஒருவரே. 2005 முதல் ஒவ்வொரு குழுவும் சம்பளத்திற்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. ஆகவே, ஒருவரை வாங்க வேண்டுமாயின் மற்றொருவரைக் கொடுக்கவேண்டிய நிலை அடிக்கடி எழுகிறது. நம் முன்னோர் நெல் கொடுத்து உப்பு வாங்கியது போன்ற பண்டமாற்றுத்தான் இது! எவரைக் கொடுப்பது, எவரைப் பெறுவது என்று ரசிகர்கள் பனிக்காலம் முழுவதும் வாதிடுகின்றனர். அதில் குற்றம் ஏதுமில்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட ஆட்டக்காரரும் இந்த நியதியை அறிந்தே களமிறங்குகிறார். பண்டம் மனிதன் என்பதை மறக்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

அதற்குச் சான்றாக நம் நண்பர் தொலைக்காட்சியில் தம் கண்ணாலேயே கண்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். பாட்ரிக் ருவா என்பவர் கனேடியன்ஸ் குழுவின் கோல் காப்பாளர். 1986-இலும் 1993-இலும் அக்குழு ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை இருமுறையும் பெற்றவர் அவரே. மாண்ட்ரியல் மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர்.

1995 டிசம்பர் 2 அன்று, டெட்ராய்ட் குழு மாண்ட்ரியலுக்கு வந்து ஆடியது. வட்டு மேல் வட்டாகக் கோலுக்குள் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பொறுப்பேற்றிருந்த பயிற்சியாளர் மரியோ திரம்பிளே, ருவாவை வெளியே அழைக்காமல் களத்திலேயே நிற்கவிட்டார். இடையில் எளிதான ஓர் அடியை ருவா தடுத்தார். உடனே சொந்த ஊர் மக்களே கேலியாகக் கைதட்டி ஆரவாரித்தனர். அவரும் அந்த ஏளனத்திற்கு விடையாக இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். 26 அடிகளில் 9 கோல்கள் புகுந்த பின்னரே அவர் வெளியே அழைக்கப்பட்டார். வந்தவர் பயிற்சியாளரைக் கடந்து சென்று, பின்வரிசையில் அமர்ந்திருந்த குழுத் தலைவர் ரொனால்ட் கோரியிடம், மாண்ட்ரியலில் இதுவே தமது கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். ஆட்டம் 11–1 என முடிந்தது.

நான்கே நாட்களில், டிசம்பர் 6 அன்று, ருவாவும் குழுவின் தலைமை ஆட்டக்காரர் மைக் கீனும் கொலராடோ குழுவுக்குக் கைமாற்றப்பட்டனர். பதிலாக இளைய கோல் காப்பாளர் ஒருவரும் முன்னணி ஆட்டக்காரர் இருவரும் கிடைத்தனர். ஆறு மாதம் கழிந்தது. 1996 ஜூனில் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதன் கடைசி ஆட்டத்தில் ருவா ஒரு கோலும் விடாமல் 63 அடிகளைத் தடுத்து நிறுத்தினார். 2001-இல் மீண்டும் கோப்பை அவர் கைக்கு வந்தது. மாண்ட்ரியலோ 1993-க்குப் பின் 2025 முடிய அக்கோப்பையைத் தொடவில்லை.

தவறு யாருடையது? பயிற்சியாளருடையது என்பார் சிலர். ருவாவின் செருக்கு என்பார் வேறு சிலர். இருவரிடமும் பிழை இருந்திருக்கலாம். சினம் தணியுமுன் நான்கு நாட்களில் முடிவு செய்தோரும் பொறுப்பாளிகளே. ஆனால் அன்பர்களே, அங்கே மூன்றாவது ஒரு தரப்பும் இருந்ததன்றோ? தம் இருக்கையில் பத்திரமாக அமர்ந்து கைதட்டிய கூட்டத்தை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. கைதட்டுவது சட்டப்படி குற்றமன்று. ஆயினும், நம் ஆண்டவர் பட்ட பாடுகளைத் தியானிக்கும் நாம், சாட்டையும் முள்முடியும் போலவே, முழந்தாளிட்டுச் செய்யப்பட்ட ஏளன வணக்கமும் அவரை வதைத்ததை அறிவோம்.

அடுத்து, "அடித்தால் திருப்பி அடிக்கும் ஆள்" பற்றிய வழக்கு. இதே மாண்ட்ரியலில் 1955 மார்ச் மாதம் மொரீஸ் ரிஷார் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர், போஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரியின் மட்டையால் தலையில் காயமுற்றுச் சினந்து தாக்கியதோடு, இடைமறித்த கோட்டு நடுவரையும் அறைந்தார். பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலும் ஆடத் தடை விதிக்கப்பட்டது. மார்ச் 17 இரவு ரசிகர்களின் ஆத்திரம் ஆட்டக் கூடத்திலிருந்து தெருவுக்குப் பரவி, கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷாரே வானொலி வாயிலாக, தண்டனையை ஏற்கிறேன், அமைதி காருங்கள் என வேண்டிய பின்னரே நகரம் அடங்கிற்று. ஒருவரின் ஓர் அடி எத்தனை அடிகளை ஈன்றது, பாருங்கள்!

இதற்கு மாறாக மற்றொரு காட்சி. டேவிட் பவர் என்பவர் பசிலியன் சபையைச் சேர்ந்த கனடிய குரு. தம் நாட்டிற்கென மாணவர்களைக் கொண்ட ஒரு தேசியக் குழுவை உருவாக்கி, 1964 குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இன்ஸ்புருக் நகருக்கு அழைத்துச் சென்றார். சுவீடனுடன் நடந்த ஆட்டத்தில், எதிரணியைச் சேர்ந்த ஓபெரி என்பவரின் உடைந்த மட்டை பறந்துவந்து, குருவானவரின் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் வழியக் கண்ட அவருடைய இளைஞர்கள் பழிவாங்கப் பாய்ந்தெழுந்தனர். குருவானவர் அவர்களைத் தடுத்து, இருக்கையை விட்டு அசையாதீர்கள் எனக் கட்டளையிட்டார். பின்னர் வேறிரு நாட்டினரின் ஆட்டம் நடந்தபோது, அந்த ஓபெரியையே அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். கனடா சுவீடனை 3–1 என வென்றது. எனினும் முடிவில் நான்காம் இடமே கிடைத்தது. பவர் அடிகளார் 1988-இல் இறையடி சேர்ந்தார். பதக்கம் பெற்ற பலரை மறந்தவர்களும் அவர் நெற்றிக் காயத்தை மறக்கவில்லை.

இவற்றை நான் பின்னரே படித்தறிந்தேன். அன்று தாழ்வாரத்தில், 1995-இன் கதையை நண்பர் சொல்லி முடித்து, "என்ன அநியாயம், சாமி! பத்தாண்டுகள் காத்தவனை ஓர் இரவில் கேலி செய்தார்கள்" என்று வருந்தினார். அதுவரை தலைகுனிந்திருந்த மகன், மெல்லிய குரலில் பேசினான்.

"அப்பா, கல்லூரி முதலாண்டில் நான் இரண்டு பாடங்களில் தவறினேன். மறுமுறை எழுதித் தேறிய செய்தியைச் சொன்னபோது, விருந்துக்கு வந்திருந்த உறவினர் அத்தனை பேர் நடுவிலும் நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அதுவும் இதே கைத்தட்டல்தான்."

நண்பர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். விளையாட்டாகச் செய்தேன் என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சில வேளைகளில் குரு வாய்திறப்பது தூய ஆவியாரின் வேலைக்கு இடையூறாகும் என்பதை இத்தனை ஆண்டுகளில் கற்றிருக்கிறேன். அன்று மாலைச் செபமாலைக்கு இருவரும் ஒன்றாக வந்து, ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். இடையில் என்ன பேசினர் என்று நான் கேட்கவில்லை.

பெற்றோரே, குடும்பத்தில் பண்டமாற்று இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு நம் பிள்ளையைக் கொடுத்தனுப்ப இயலாது. கணவனுக்கோ மனைவிக்கோ மாமியாருக்கோ மாற்று ஆள் இல்லை. ஆயினும், "அவனைப் பார், இவளைப் பார்" என்று ஒப்பிடும்போதெல்லாம், உள்ளத்தளவில் நாம் ஒரு கைமாற்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழாமல் போவதில்லை. தவறியவனை வெளிப்படையாகக் கண்டியுங்கள். அது அவனைத் திருத்தக்கூடும். அவன் எழுந்து நிற்கும் வேளையில் எள்ளி நகையாடாதீர்கள். அது அவனை வேறு வாசல் தேட வைக்கும்.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2008 நவம்பர் 22 அன்று, மாண்ட்ரியல் குழு பாட்ரிக் ருவாவை மீண்டும் தன் கூடத்திற்கு அழைத்து, அவர் அணிந்த 33 என்ற எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என அறிவித்து, கூரையில் ஏற்றிற்று. கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இம்முறை அதில் கேலி இல்லை. ஆனால் அந்த நல்ல கைத்தட்டலுக்கு அவர் ஏறக்குறைய 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு விளையாட்டுக் கூடம் 13 ஆண்டுகள் காத்திருக்கலாம். ஒரு வீடு அத்தனை காலம் தாங்காது. உங்கள் வீட்டில் எவரேனும் ஒருவர் அந்தக் கைத்தட்டலுக்காகக் காத்திருப்பாராயின், இன்றிரவு உணவு வேளையைத் தவறவிடாதீர்கள்.