டாக்டர் பக்கமே போகாதவனுக்குத்தான் பைலட் யோகம்

ஓய்வுபெற்ற பிறகு இங்கே அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகப் போகிறவனுக்கு, ஹாங்கரில் இருக்கும் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்திமதி எஞ்சினைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அல்ல. "மெடிக்கலுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிடாதே" என்பதுதான். எனக்கும் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வைக்கிற சட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

2004-இல் எஃப்.ஏ.ஏ. 'லைட் ஸ்போர்ட்' என்று ஒரு வகையைக் கொண்டுவந்தது. இரண்டு இருக்கை, தரையிலிருந்து கிளம்புவதானால் மொத்த எடை 1,320 பவுண்டுக்குள், அதாவது சுமார் 600 கிலோ. இதை ஓட்ட ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் போதும். பிரைவேட் பைலட்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; இதற்கு 20 மணி நேரம். மெடிக்கல் சர்டிஃபிகேட்டும் வேண்டாம், கார் ஓட்டும் லைசென்ஸே போதும். நம் வயதுக்காரர்களுக்கு இது பெரிய வரம். மறுக்கவில்லை.

ஆனால் அந்த வரத்தில் ஒரு முள் இருக்கிறது. மெடிக்கலுக்கு நீங்கள் கடைசியாக விண்ணப்பித்தபோது மறுத்திருந்தால், கார் லைசென்ஸ் வழி உங்களுக்கு அடைபட்டுப்போகும். விண்ணப்பிக்கவே இல்லை என்றாலோ, பழைய சர்டிஃபிகேட்டைச் சத்தமில்லாமல் காலாவதியாக விட்டாலோ, வழி திறந்தே இருக்கும்.

இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் 66 வயது, இருவருக்கும் பைபாஸ் ஆகி நன்றாகத் தேறியாகிவிட்டது. ஒருவர் ஒளிக்காமல் படிவத்தில் எழுதுகிறார், மறுப்பு வருகிறது. மற்றவர் படிவத்தையே தொடவில்லை. 'பறக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறேன்' என்று தானே முடிவு செய்துகொண்டு கிளம்பிவிடுகிறார். அதே இதயம், அதே தழும்பு. ஒருவர் தரையில், ஒருவர் ஆகாயத்தில். இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

"தகுதியில்லை என்று தெரிந்தவரைத் தடுக்கத்தானே சட்டம்?" என்று கேட்பார்கள். தடுக்கட்டும். ஆனால் பார்க்க வேண்டியது இன்றைய உடம்பை, என்றோ எழுதிய காகிதத்தை அல்ல. 'ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ்' வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, டெஸ்டுக்கு மேல் டெஸ்ட், மாதக்கணக்கில் காத்திருப்பு, கைக்காசு. பக்கத்து ஹாங்கர்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை.

2025 அக்டோபர் 22 முதல் இந்தச் சலுகையை இன்னும் விரித்துவிட்டார்கள். நான்கு இருக்கை விமானத்தையும் ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம், ஏற்றிக்கொள்வது ஒரே ஒரு பயணியை என்றாலும். விமானம் பெரிதாயிற்று, முள் அப்படியே இருக்கிறது.

நான் கேட்பது சலுகையைப் பறிக்கச் சொல்லி அல்ல. 'பேசிக்மெட்' என்ற முறையில் சாதாரண டாக்டர் ஒருவரே நான்கு வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போடுகிறார். மறுக்கப்பட்டவருக்கும் அப்படி ஒரு கையெழுத்தால் கார் லைசென்ஸ் வழியைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் வயதில் டாக்டரிடம் போவது உயிர் காக்கும் பழக்கம். மார்பில் சின்ன வலி வந்தால்கூட, 'சொன்னால் பறக்க முடியாதோ' என்று ஒரு பைலட் வாயை மூடிக்கொள்கிறார் என்றால், அந்தப் பயத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது சட்டம்தான். பக்கத்து இருக்கையில் உட்காரப்போவது அவருடைய பேரனாக இருக்கலாம்.