பெயரை மாற்றினால் மதிப்பு மாறலாமா?

ஓர் ஆய்வாளரின் கட்டுரையை இன்னோர் ஆய்வாளர் தம் கட்டுரையில் ஆதாரமாக எடுத்துக்காட்டுவதை மேற்கோள் என்கிறோம். யாருடைய கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்ற கணக்கு, இன்று உலகெங்கும் பேராசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலாகிவிட்டது. 2016 முதல் ஒன்றிய அரசு வெளியிட்டுவரும் கல்வி நிறுவனத் தரவரிசையிலும் இந்தக் கணக்குக்கு மதிப்பெண் உண்டு. கிராமத்திலிருந்து ஆய்வுப் படிப்புக்குப் போகும் மாணவரும் இதற்குத் தப்ப முடியாது. எனவே இந்த அளவுகோல் நேர்மையானதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எப்படிக் கேட்பது என்பதை மென்பொருள் சோதனைத் துறையின் அறிஞர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

அவர் அமெரிக்காவைச் சேர்ந்த எலைன் வேயுக்கர். நிரல் எழுதுபவராக வேலை பார்த்தவர்; 1977இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1993இல் ஏடி அண்டு டி ஆய்வகத்துக்குப் போனார். கணினி நிரலில் உள்ள பிழைகளை, அது மக்கள் கைக்கு வரும் முன்பே கண்டுபிடிப்பதுதான் அவருடைய துறை. சரியான விடை இன்னதென்று யாருக்குமே முன்கூட்டித் தெரியாதபோது, நிரல் தரும் விடை சரியா என்று எப்படிச் சோதிப்பது? இதை 1982இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். நிரலுக்குள் ஒரு மதிப்பு எங்கே பிறக்கிறது, எங்கே பயன்படுகிறது என்று பின்தொடர்ந்து சோதிக்கும் முறையை, சாண்ட்ரா ராப்ஸுடன் சேர்ந்து 1985இல் விளக்கினார். இந்தக் கட்டுரைகளை அத்துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நமக்கு முக்கியமானது அவருடைய 1988ஆம் ஆண்டுக் கட்டுரை. ஒரு நிரல் எவ்வளவு சிக்கலானது என்று எண்ணால் சொல்லும் அளவுகோல்கள் பல அப்போது புழக்கத்தில் இருந்தன. வேயுக்கர் நிரலை விட்டுவிட்டு, அளவுகோலையே சோதனைக்கு உட்படுத்தினார். நல்ல அளவுகோலுக்கு இருக்க வேண்டிய 9 பண்புகளை வகுத்தார். பெயர்பெற்ற 4 அளவுகோல்களை அவற்றோடு ஒப்பிட்டார். ஒன்றுகூட ஒன்பதையும் நிறைவேற்றவில்லை. அந்த 9 பண்புகளில் ஒன்று: நிரலில் உள்ள பெயர்களை மட்டும் மாற்றினால், அதன் அளவு மாறக் கூடாது.

இதே கேள்வியை மேற்கோள் கணக்கிடமும் கேட்போம். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு குறியீட்டெண்ணை முன்வைத்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டால் அவருடைய எண் 20. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயருள்ளவருக்கே மேலும் பெயர் சேர்கிறது என்று 1968லேயே சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையே அதற்குச் சாட்சி. ஹாரியட் சக்கர்மன் என்ற பெண் ஆய்வாளர் நோபல் பரிசு பெற்றவர்களிடம் எடுத்த நேர்காணல்களைப் பெரிதும் சார்ந்து எழுதப்பட்டது அது. ஆசிரியராக அச்சானது மெர்ட்டன் பெயர் மட்டுமே. இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பெண்களின் ஆய்வு இப்படி மறைக்கப்படுவதற்கு 1993இல் மார்கரெட் ரோசிட்டர் 'மடில்டா விளைவு' என்றே பெயரிட்டார்.

நம் நாட்டில் பெயரைக் கேட்டவுடன் ஊரைக் கேட்பதும், ஊரைச் சொன்னவுடன் எந்தத் தெரு என்று கேட்பதும் எதற்கென்று நமக்குத் தெரியும். மேற்கோள் என்பது கட்டுரை அச்சான பிறகு தொடங்குவதல்ல. எந்த நெறியாளர் சேர்த்துக்கொள்கிறார், யாரைக் கருத்தரங்குக்கு அழைக்கிறார்கள், யாரைக் கூட்டாசிரியராக ஏற்கிறார்கள் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே விடுபட்டவர் எண்ணிலும் விடுபடுவார். பிறகு அந்த எண்ணையே காட்டித் தகுதி இல்லை என்பார்கள்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண் இல்லாத இடத்தில் சிபாரிசுதான் ஆளும். எழுத்துத் தேர்வில் முன்னே நிற்கும் நம் பிள்ளைகள் நேர்காணலில் பின்னுக்குத் தள்ளப்படும் கவலையை நாம் அறிவோம். எண்ணையும் சோதித்துவிட்டே நம்ப வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

இன்னொன்றும் உண்டு. 2004 முதல் 2012 வரை, கணினித் துறைப் பெண்களுக்கான உலகளாவிய அமைப்பு ஒன்றுக்கு வேயுக்கர் தலைமை வகித்தார். அந்தப் பணிக்காக 2010இல் விருதும் பெற்றார். மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட அந்த உழைப்பு, மேற்கோள் கணக்கில் ஒன்றைக்கூடக் கூட்டாது.

ஆய்விதழின் பெயரை வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள், ஆய்வைப் படித்துப் பார்த்து மதிப்பிடுங்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலாளர்கள் ஓர் அறிக்கை உருவாக்கினார்கள். நம் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்களிடம் நாம் கேட்பதும் அதுதான். விண்ணப்பதாரரின் சிறந்த கட்டுரைகள் சிலவற்றையாவது, பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள்.