வரிசையில் வைத்த குடம்



முழுப் பரீட்சை லீவு வருகிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்போது ஒரே பேச்சு, வொண்டர்லா. 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்தாலும் திறந்தார்கள், மதுரை பரவையில் இருக்கும் 'அதிசயம்' போதும் என்றிருந்த பிள்ளைகளும் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்கள். போகட்டும். தறி ஓட்டிச் சேர்த்த காசாக இருந்தாலும், பிள்ளைகளின் சந்தோஷத்துக்குச் செலவழிப்பதில் தப்பில்லை.

நான் சொல்ல வந்தது 'ஃபாஸ்ட் டிராக்' டிக்கெட்டைப் பற்றி. கூடுதல் பணம் கட்டினால் தனி வழியில் போய், வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் ஏறிக்கொள்ளலாம். "ஒரு நாள்தானே சார், நின்றே கழிந்துவிட்டால்?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ராட்டினத்தில் ஒரு சுற்றுக்கு 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். தனி வழியில் ஒவ்வொரு சுற்றுக்கும் 8 பேர் வந்தால், பொது வரிசைக்கு மிச்சம் 16 இடம். இரண்டு சுற்றில் ஏற வேண்டிய 48 பேருக்கு மூன்று சுற்று ஆகும். காசு வாங்கியதற்காக ராட்டினம் வேகமாகச் சுற்றுவதில்லை. ஒருவருக்கு மிச்சமான நேரம் இன்னொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து எடுத்தது.

முன்பதிவே கூடாது என்று சொல்லவில்லை. வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்கு அது புதிதா? குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போவோம். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். முறை வரும்போது வந்து தண்ணீர் பிடிப்போம். அமெரிக்காவில் டிஸ்னி பூங்கா 1999-இல் கொண்டுவந்த 'ஃபாஸ்ட்பாஸ்' கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். இலவசச் சீட்டு, அதில் ஒரு நேரம். அந்த நேரத்துக்கு வந்தால் போதும். 2021-இல் அதைக் கைவிட்டு, அந்த வசதியைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். குழாயடியில் ஒருவர் காசு கொடுத்துத் தன் குடத்தை முன்னால் நகர்த்தினால் ஊர் சும்மா இருக்குமா? கர்ப்பிணிக்கும் வயசாளிக்கும் வழிவிடுவோம். அது வேறு.

காசு கொடுக்காமலும் காத்திருப்பைக் குறைக்கலாம். சனி, ஞாயிறு போகாதீர்கள். கேட் திறக்கும்போதே அங்கே இருங்கள். கூட்டம் சேரும் பெரிய ராட்டினங்களை முதலில் முடித்துவிட்டு, மற்றதைப் பிறகு பாருங்கள். பல ராட்டினங்களுக்கு உயர வரம்பு உண்டு. அதை முன்கூட்டியே பார்த்து, பிள்ளையை வீட்டுச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். அங்கே போய் அழ வேண்டாம்.

பூங்கா நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இலவசமாக நேரச் சீட்டு கொடுங்கள். எல்லோருடைய குடமும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?