மதுரையில பார்க்க என்னய்யா இருக்கு?

டிஸ்கி: கொடைக்கானல் ரசிகர் மன்றத்தினர் கல்லைத் தூக்குறதுக்கு முன்னாடி பதிவை முழுசா ஒருதடவை படிச்சிருங்க. அப்புறம் எறியலாம் :)

நம்ம பதிவர்கள் எழுதுற பயணப் பதிவுக்குன்னு ஒரு ஃபார்முலா இருக்கு. ராத்திரியோட ராத்திரியா வண்டி கிளம்பணும். வத்தலக்குண்டுல ஒரு டீ. வெள்ளி அருவி முன்னாடி ஒரு குரூப் போட்டோ. ஏரியில படகு. தூண் பாறையில பனிமூட்டம், அதனால தூண் பாறை தெரியலைன்னு ஒரு வரி. கடைசியா ஹோம்மேட் சாக்லேட். "இயற்கை அன்னையின் மடியில்"னு தலைப்பு வெச்சா பதிவு ரெடி.

சரிங்க, உங்க ஊருக்குப் பக்கத்துல காலையில போயி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புற மாதிரி ஒரு இடமும் இல்லையான்னு கேட்டுப் பாருங்க. மதுரைக்காரர் யாரா இருந்தாலும் ஒரே பதில்தான். "கோயிலையும் ஜிகர்தண்டாவையும் விட்டா இங்க பார்க்க என்னய்யா இருக்கு? வெயிலும் வெறும் பாறையும்தான்."

இந்தப் பதிவு முழுக்க அந்த "வெறும் பாறை"ங்கிற வார்த்தைக்கு எதிரானது. அது சும்மா ஒரு சலிப்புன்னு நீங்க நினைக்கலாம். இல்லை. அந்த வார்த்தையை நம்பி ஒரு கூட்டமே சம்பாதிச்சிருக்கு. அதுக்குப் பிறகு வர்றேன்.

முதல்ல கொடைக்கானல் கதை. மே மாசம் எல்லாரும் ஒரே மலைக்கு ஏறுனா என்ன ஆகும்? 2024 மே 7-லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் போகணும்னு உயர்நீதிமன்றம் சொல்லிருச்சு. 2025 ஏப்ரல்ல எண்ணிக்கையும் வெச்சாங்க. கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டி. ஒரு மலைக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் வண்டிங்கிறது *கட்டுப்பாடு*! அப்ப கட்டுப்பாடு இல்லாத காலத்துல என்ன நிலைமைன்னு யோசிச்சுக்கோங்க. நாலு மணி நேரம் முன்னாடி வண்டியோட நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டு வர்றதுக்குப் பேரு இயற்கை ரசனையாம்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. மதுரையைச் சுத்தி எண்பெருங்குன்றம்னு எட்டு சமண மலைகளைச் சொல்றது பழைய வழக்கம். எல்லாம் டூவீலர் தூரம்தான். ஆனா ஒரு விஷயம். இந்த மலைகளை ஒருதடவை பார்த்துட்டு "பார்த்தாச்சு"ன்னு சொல்ல முடியாது. மாசத்துக்கு மாசம் ஆளு மாறும்.

தை, மாசியில சாமநத்தம் கண்மாய். தண்ணி இருக்கிற வருசமா இருந்தா காலையில ஆறரைக்குப் போயி கரையில உட்காருங்க. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் உங்களைக் கண்டுக்காம அதுங்க பாட்டுக்கு மீன் பிடிச்சிட்டு இருக்கும். டிக்கெட் கிடையாது.

பங்குனி, சித்திரை வெயில்லயும் போகலாம். விடியுறதுக்குள்ள கிளம்பி எட்டு மணிக்குள்ள இறங்கிறணும், அவ்வளவுதான். கீழக்குயில்குடி சமணர் மலை. கீழ தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். மேல ஏறுனா பேச்சிப்பள்ளத்துல வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு, பக்கத்துலயே சுனை. வழியெல்லாம் வேப்பம்பூ வாசம். இறங்கி வந்தா ரோட்டோரத்துல நுங்கு.

ஆடிக் காத்துக்கு அழகர்மலை. வேன்ல மேல போகாம நூபுர கங்கைக்கு நடந்து ஏறுங்க. மரநிழல்லயே போயிறலாம். கையில இருக்கிற பொட்டலத்தை மட்டும் குரங்குகிட்டேர்ந்து காப்பாத்திக்கோங்க. புரட்டாசியில சாயங்கால மழை ஆரம்பிச்சதும் புள்ளைங்களைக் கூட்டிட்டு ஏதாவது ஒரு மலை அடிவாரத்துச் செம்மண்ணைப் பாருங்க. வெல்வெட் துணியில செஞ்ச மாதிரி பட்டுப்பூச்சி ஊர்ந்துட்டு இருக்கும்.

கார்த்திகை, மார்கழிக்கு அரிட்டாபட்டி. மதுரையிலேர்ந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும். மழைக்குப் பிறகு சுனையெல்லாம் நிறைஞ்சு, புதர்ல செங்காந்தள் பூத்துக் கிடக்கும். கார்த்திகைப் பூன்னு அதுக்குச் சும்மாவா பேரு வெச்சான்? தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் சிற்பம், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், அதுல லகுலீசர் சிற்பம். அண்ணாந்து பார்த்தா பாறை உச்சியில வல்லூறு.

இதே அரிட்டாபட்டிக்கு மே மாச மத்தியானம் ஒருத்தன் ஏசி கார்ல வந்து கண்ணாடியை இறக்காமலே பார்த்தான்னு வைங்க. அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? வெறும் பாறை!

அரசாங்கக் கணக்குலயும் இந்த மாதிரி நிலத்துக்கெல்லாம் தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்குன்னுதானே பேரு. மேலூர் பக்கம் கிரானைட்காரங்களுக்கு இந்தப் பேரு எவ்வளவு வசதியா இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2014-ல உயர்நீதிமன்றம் உ.சகாயத்தை விசாரிக்கச் சொல்லி, 2015-ல அவர் அறிக்கை கொடுத்தப்பதான் ஊரு வாயைப் பிளந்துச்சு. குன்று காணாமப் போனதுக்கு அப்புறம் பிளந்து என்ன பிரயோசனம்?

2022 நவம்பர்ல அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. சுமார் 193 ஹெக்டேர். 250 வகைப் பறவை, 72 ஏரி, 200 இயற்கைச் சுனைன்னு கணக்கு சொன்னாங்க. சரியா ரெண்டே வருசம். 2024 நவம்பர்ல இந்த மலையையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சுதுன்னு செய்தி வருது! கிராமத்து ஜனங்க விடலை. 2025 ஜனவரி 7-ல நரசிங்கம்பட்டியிலேர்ந்து தல்லாகுளம் வரைக்கும் பேரணியா வந்தாங்க. ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு.

அந்த வெற்றி முழுக்க அந்த ஊர் மக்களோடது. நமக்கு அதுல பங்கு கிடையாது. என் கேள்வி வேற. அவங்க மலைக்காக நம்ம ஊர் வரைக்கும் வந்தாங்களே, நம்மள்ல எத்தனை பேர் அதுக்கு முன்னாடி அவங்க மலையில கால் வெச்சிருக்கோம்? டிவியில பார்த்துட்டு "அரிட்டாபட்டி எங்க இருக்கு?"ன்னு கேட்ட மதுரைக்காரங்க எத்தனை பேர்?

போறதால என்ன பெரிசா ஆயிரும்ங்கிறீங்களா? 2010-ல ஒத்தக்கடை யானைமலையைக் குடைஞ்சு சிற்பக் கலை நகரமாக்கப் போறதா பேச்சு வந்துச்சு. ஊர் மக்கள் எதிர்த்து அதை நிறுத்துனாங்க. அதைப் பார்க்கப் போன எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும் அந்த வருசமே பசுமை நடையை ஆரம்பிச்சாங்க. மலை மலையா நடந்து, அங்கயே உட்கார்ந்து வரலாறு கேட்டு, சாப்பிட்டுட்டுத் திரும்புறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனா இந்த மலைகளுக்கு மதுரை டவுன்ல சாட்சி சொல்ல ஆள் உண்டுங்கிற நிலைமை அப்படி நடந்து நடந்துதான் வந்துச்சு.

ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கு, அதையும் நானே சொல்லிடறேன். "நீ எழுதுவ, கூட்டம் வரும், பாட்டிலை உடைப்பான், கல்வெட்டு மேல ஹார்ட் வரைஞ்சு பேரு எழுதுவான். எழுதாம இருக்கிறதே நல்லது." பயம் நிஜமானதுதான். ஆனா பாட்டில் எங்கங்க உடையுது? கேட்க ஆளில்லாத இடத்துல. ஆயிரம் பேர் ஒரே ஒருதடவை வந்துட்டுப் போற இடம் குப்பைமேடாகும். இருபது பேர் வருசம் பூரா திரும்பத் திரும்ப வர்ற இடத்துல, "தம்பி, இங்க உட்கார்ந்து குடிக்கக் கூடாது"ன்னு சொல்ல ஒரு குரல் இருக்கும். அங்க ஆடு மேய்க்கிற அண்ணன் நம்மளைப் பேரு சொல்லிக் கூப்பிடுற அளவுக்குப் போகணும். மலைக்கு உண்மையான காவல் அவர்தான். நாம அவருக்குத் துணை.

அதனால பதிவர் நண்பர்களே, கொடைக்கானலுக்குப் போங்க, நான் தடுக்கலை. இ-பாஸ் கிடைச்சா :) ஆனா உங்க ஊருக்கு முப்பது கிலோமீட்டருக்குள்ள ஒரு குன்றோ கண்மாயோ தேர்ந்தெடுத்து, ஒரே வருசத்துல ஆறுதடவையாவது போங்க. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பதிவு, தேதி போட்டு, போட்டோ போட்டு எழுதுங்க. எந்தச் சுனையில எந்த மாசம் தண்ணி இருந்துச்சு, எந்தப் பறவை எப்ப வந்துச்சுன்னு. மொக்கையா இருந்தாலும் பரவாயில்லை. நாளைக்கு எவனாவது ஒரு ஃபைலைத் தூக்கிட்டு வந்து "அங்க என்ன சார் இருக்கு, வெறும் பாறைதானே"ன்னு சொன்னா, அவன் முகத்துக்கு நேரா நீட்ட நம்ம கையில ஏதாவது இருக்கணும்.

பின்னூட்டத்துல திட்டுறவங்க உங்க ஊர்க் குன்றோட பேரையும் சேர்த்து எழுதிட்டுத் திட்டுங்க.